எண்ணெய்க் கிணறும் எண்பது காசும்

கடல் கடந்த நாடொன்றில் எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனத்தில் முதலிட்டவன் எவற்றிற்கு அஞ்ச வேண்டும்? பொருளியல் நூல்கள் இவ்வினாவுக்கு விடையை ஆயத்தமாகவே வைத்திருக்கின்றன. தோண்டிய கிணற்றில் எண்ணெய் இல்லாமற் போகலாம். இருந்தும் அதன் விலை வீழலாம். இவ்விரண்டினும் கொடியது மூன்றாவது. அந்நாட்டு ஆட்சியாளர் ஒரு நாட்காலையில் எழுந்து, 'இக்கிணறு இனி எமது' என்று அறிவித்துவிடலாம். இதற்கு அரசியல் இடர் என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி அதிகாரம் ஒதுக்கி, சான்றுகளையும் அடுக்கி வைத்துள்ளனர் நூலாசிரியர்கள்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மையே. 1951இல் மொசாதேக்கின் தலைமையில் ஈரான், ஆங்கிலோ ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் உடைமைகளை நாட்டுடைமையாக்கியது. 1886இல் ஸ்காட்லாந்தில் தொடங்கப்பெற்று யெனாங்யாங் வயல்களில் எண்ணெய் இறைத்த பர்மா எண்ணெய் நிறுவனம், 1963இல் அந்நாட்டில் தனக்கு எஞ்சியிருந்த பங்கையும் பர்மிய அரசிடம் ஒப்படைத்து வெளியேறியது. 2011 சூலையில் தனி நாடாகிய தென் சூடான், அடுத்த சனவரியிலேயே குழாய்வழிக் கட்டணத் தகராற்றை முன்னிட்டுத் தன் எண்ணெய் உற்பத்தி முழுவதையும் நிறுத்திவைத்தது. அங்குப் பங்கு வைத்திருந்த நிறுவனங்களுள் மலேசியாவின் பெட்ரோனாசும் ஒன்று. 2024இல் அது அந்நாட்டை விட்டே நீங்கியது.

தமிழருக்கும் இப்பாடம் புதிதன்று. எண்ணெய்க்குப் பதிலாக நெல் என்று மாற்றிக்கொண்டால் போதும். 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் சாகுபடி நிலத்தின் நான்கிலொரு பங்கு செட்டிநாட்டு இலேவாதேவிக்காரர் வசம் வந்திருந்தது. கடன் கொடுத்து, கடன் திரும்பாமையால் கைக்கு வந்த நிலம் அது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது. நிலம் போயிற்று, பத்திரங்கள் மட்டும் காரைக்குடிப் பெட்டகங்களில் தங்கின. உழுதவனின் நிலத்தை வட்டிக்கு வாங்கியவர் இழந்ததற்காகக் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை என்பாரும் உளர். அவ்வழக்கை இக்கட்டுரை தீர்க்கப் புகவில்லை.

ஆயினும் இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்குங்கால் ஒன்று புலனாகிறது. பெரு நிறுவனம் அரசியல் இடருக்கு இலக்காகும்போது அதற்கு அரண் உண்டு. ஒப்பந்தத்திலேயே நடுவர் மன்றத்திற்குச் செல்லும் வழி எழுதப்பட்டிருக்கும். தாய்நாட்டு அரசு தூதுவர் வழியாகவும், சில வேளைகளில் போர்க்கப்பல் வழியாகவும் பேசும். ஈரானிலேயே 1953இல் மொசாதேக் கவிழ்க்கப்பட்டார்; 1954இல் அமைந்த புதிய எண்ணெய்க் கூட்டமைப்பில் பழைய ஆங்கிலேய நிறுவனத்திற்கு 40 விழுக்காட்டுப் பங்கு கிட்டியது. போதாக்குறைக்கு, 1988இல் உலக வங்கிக் குழுமத்தின் ஓர் உறுப்பாக, அரசியல் இடருக்குக் காப்புறுதி வழங்குவதற்கென்றே ஒரு முகவாண்மை நிறுவப்பட்டது. அயல்நாட்டில் கிணறு தோண்டுவோன் சந்தாப் பணம் கட்டி அச்சத்தைப் பிறர் தோளில் ஏற்றிவிடலாம்.

இப்பட்டியலில் எங்குமே இடம்பெறாதவன் ஒருவன் உண்டு. அவன் கெடா மாநிலத்துப் பால்மரத் தொழிலாளி.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் என்று நீளும் தென் கெடாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழன் அயல்நாட்டு எண்ணெய்ப் பங்கு எதையும் வாங்கியவனல்லன். அரசியல் இடர் என்ற சொல்லை அவன் கேட்டதுமில்லை. விடியுமுன் எழுந்து மரஞ்சீவி, மதியத்திற்குள் பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்துக்குத் திரும்பியவன் அவன். சொந்த நாட்டில், சொந்த மொழி பேசிய மேடைகளை நம்பி, சொந்த இனத்தார் அமைத்த நிறுவனத்தில் பணம் போட்டான். ஈரானிலும் பர்மாவிலும் பணம் போட்டவனைப் பற்றிய இடர் அவனையும் பற்றியது. அவனுக்குப் போர்க்கப்பலும் இல்லை, நடுவர் மன்றமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஆதலால், அரசியல் இடர் என்பது அயல்நாட்டில் மட்டுமே விளையும் பயிர் என்று மாணவருக்குக் கற்பிப்பது, பாதி உண்மையைக் கற்பிப்பதாகும். பாதி உண்மையைப் பெற்ற மாணவன் மீதிப் பாதியைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்ள நேரும்.

அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைப்பது தேவை. இன்றைய மாணவருக்கு மைக்கா என்ற சொல் ஏதோ கனிமத்தின் பெயராகவே தோன்றக்கூடும்.

முதற்கண், மைக்காவுக்கு முற்பட்ட ஒரு முயற்சியைக் குறிப்பிடல் வேண்டும். 1950ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேய முதலாளிகள் தம் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறத் தொடங்கினர். வாங்கிய வணிகர் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு, 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை ஆராய்ந்து 1962இல் வெளிவந்தது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு வீடு போயிற்று. வீட்டோடு பள்ளியும் கோயிலும் போயின. இந்நிலையில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கொன்றை வாங்கலாம். அப்பணத்தைத் திரட்டிச் சங்கம் தோட்டம் வாங்கும். தொடக்கக் காலத்தில் அது வாங்கிய தோட்டங்களுள் ஒன்று கெடாவின் புக்கிட் சிடிம்.

சங்கத்தின் மீதும் பிற்காலத்தில் குறைகள் கூறப்பட்டன. கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கும்பிடவேண்டியதில்லை. 1986இல் இந்நாட்டில் வைப்புத்தொகை திரட்டிய கூட்டுறவுச் சங்கங்கள் பல முடக்கப்பட்டு, இலட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர் அல்லலுற்றதை மறத்தல் இயலாது. எனினும் நிலநிதிச் சங்கத்தின் அமைப்பில் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று, பணம் எதுவாக மாறியது என்பதைத் தொழிலாளி தன் கண்ணால் கண்டான். அது மரமாக, மண்ணாக, பால் கொட்டகையாக அவன் முன் நின்றது. மற்றொன்று, கூட்டுறவுச் சட்டப்படி ஆயிரம் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரே வாக்கு. ஒற்றைப் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரே வாக்கு. வரையறுக்கப்பட்ட நிறுவனத்தில் வாக்கு ஆளுக்கன்று, பங்குக்கே. இவ்வேறுபாட்டை அன்று மேடையில் எடுத்துரைத்தவர் அரியர்.

1982இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்முயற்சியால் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் பதிவு பெற்றது. அப்போது கட்சித் தலைவர் ச. சாமிவேலு. சீனர் கட்சியினர் 1975இல் மல்டி பர்பஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். பூமிபுத்ராக்களுக்கென அரசு 1978இல் தேசிய முதலீட்டுக் கழகத்தையும், 1981இல் தேசியப் பங்கு நிதியையும் அமைத்திருந்தது. 'மற்றவர் பொருளாதாரத்தில் முன்னேற, இந்தியர் மட்டும் பார்வையாளராய் நிற்பதா?' என்ற கேள்வி அன்று எழுந்தது. கேள்வி நேர்மையானது, அதிற் குற்றம் காண்பதற்கில்லை. 1984இல் பங்குகள் மக்கள் முன் வைக்கப்பட்டபோது கிடைத்த ஆதரவு எதிர்பார்ப்பை விஞ்சியது. ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தனர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 1,600 வெள்ளி. மரஞ்சீவிப் பிழைத்தவனுக்கு அன்று அது பல மாத ஊதியம். கைவசம் இல்லாதவர்கள் தாலிக்கொடி ஒழிய மற்ற நகைகளை அடகு வைத்தனர். கடன் வாங்கியும் பங்கெடுத்தனர்.

அவர்கள் எதனை வாங்கினார்கள்? பங்கு வெளியீட்டு விளக்க அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆவணம். தோட்டத்தில் ஆங்கிலம் அறிந்தவர் கிராணியாரும், ஓரளவுக்குப் பள்ளி ஆசிரியருமே. படித்துச் சொல்லக்கூடிய இவ்விருவருமே மேடையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது. கிளைத் தலைவர் சொன்னார், தண்டல் சொன்னார், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி சொன்னது, தொழிலாளி கையெழுத்திட்டான். கட்சியின் உறுப்பினர் அட்டைக்கும் நிறுவனத்தின் பங்குப் பத்திரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அவனுக்கு விளக்கப்படவில்லை. சொல்லப்போனால், அவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டியதே விற்பனையின் வெற்றி. கட்சிப் பற்று முதலீட்டு ஆராய்ச்சியின் இடத்தில் அமர்ந்தது. அந்தக் கணத்திலேயே அரசியல் இடர் பத்திரத்தில் அச்சேறிவிட்டது.

இவ்விடத்தில் மாற்றுக் கருத்தினர் ஒரு வாதத்தை முன்வைப்பர். அது வலிமையான வாதம், தட்டிக் கழிக்கலாகாது. 'அரசியல் இல்லையேல் மைக்காவுக்கு வாய்ப்பே இல்லை. டி.வி.3 தொலைக்காட்சி நிறுவனத்திற் பங்கு கிடைத்ததும், அரசு தனியார்மயமாக்கிய நிறுவனங்களின் பங்குகள் ஒதுக்கப்பட்டதும், கட்சி ஆட்சியில் அங்கம் வகித்தமையாலன்றோ? கையை நீட்டிக் கொடுத்த அரசியலையே இடர் என்று தூற்றுவது நன்றி கொன்ற செயலன்றோ?' என்பர். உண்மை, அரசியல் கொடுத்தது. ஆனால் அரசியல் கொடுப்பது எவருக்குக் கொடுக்கிறது என்பதே கேள்வி. பங்குதாரருக்கா? பங்குதாரரின் பெயரால் வாயிலில் நிற்பவருக்கா?

1990ஆம் ஆண்டு இதற்கு விடை தந்தது. அவ்வாண்டு டெலிகோம் மலேசியா தனியார்மயமாகிப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கின் வெளியீட்டு விலை 5 வெள்ளி. நிதியமைச்சு மைக்காவுக்கென ஒதுக்கியது ஒரு கோடிப் பங்குகள். மைக்கா பெற்றுக்கொண்டது 10 இலட்சம் பங்குகள் மட்டுமே. எஞ்சிய 90 இலட்சம் பங்குகள், மைக்காவின் 66,000 பங்குதாரருள் பெரும்பாலோர் பெயரைக்கூடக் கேட்டிராத மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நாளில் கட்சித் தலைவரே தொலைத்தொடர்புத் துறையைக் கவனிக்கும் அமைச்சராகவும் இருந்தார். இச்செய்தி 1992இல் வெளிப்பட்டு நாடெங்கும் பெரும் பூசலைக் கிளப்பியது. முறைகேடு எதுவும் நிகழவில்லை எனத் தலைமை மறுத்தது. ஊழல் தடுப்பு அமைப்பு விசாரணை நடத்தியது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. டெலிகோம் பங்கோ அடுத்த சில ஆண்டுகளில் வெளியீட்டு விலையைப் போலப் பன்மடங்கு உயர்ந்தது.

குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையில் குற்றவாளி என்று எவரையும் சுட்டுவது ஆசிரியர் தொழிலுக்கு அடுத்ததன்று. இவ்வழக்கில் அது தேவையுமன்று. கூறப்படக்கூடிய சமாதானங்களை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஒரு கோடிப் பங்கையும் வாங்க மைக்காவிடம் நிதி வசதி இல்லை என்றே கொள்ளலாம். மற்றவை நற்பணிகளுக்கே சென்றன என்றும் கொள்ளலாம். அத்தனைக்குப் பின்னும் ஒரு கேள்வி அசையாமல் நிற்கிறது: ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்கலாமா என்று பாடாங் செராய்ப் பங்குதாரரை எவரேனும் கேட்டார்களா? நிதி வசதி இல்லையெனில், 'பணம் தருகிறீர்களா' என்று 66,000 பேரை நோக்கி ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியாதா? 1984இல் நகையை அடகு வைக்கச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு 1990இல் ஒரு கடிதம் எழுதத் தெரியாமற் போயிற்றா? ஈரானில் கிணற்றைப் பறித்தவன் பறிக்கிறேன் என்று வானொலியில் அறிவித்துவிட்டுப் பறித்தான். இங்கே பங்கு கைமாறிய செய்தி பங்குதாரருக்கு இரண்டு ஆண்டு கழித்தே எட்டியது. எது பெரிய இடர்?

இரண்டாவது வாதம், 'தொழிலில் நட்டம் இயற்கை. 1985இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. மைக்கா மட்டும் என்ன செய்யும்?' என்பது. 1985ஆம் ஆண்டு வீழ்ச்சி மெய்யே. தகரம், செம்பனை எண்ணெய், இரப்பர் யாவும் அக்காலத்தில் விலை சரிந்தன. ஆயின் அதே வீழ்ச்சிக் காலத்தில் நட்டம் கண்ட வேறொரு நிறுவனத்தின் கதையை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கேதான் எண்ணெய் மீண்டும் வருகிறது.

பூமிபுத்ரா வங்கியின் கிளை நிறுவனமாகிய பூமிபுத்ரா மலேசியா பைனான்ஸ், ஹாங்காங்கில் கேரியன் குழுமம் முதலியோர்க்குக் கடன் வாரி வழங்கியது. அவை நிலச் சூதாட்டத்தில் மூழ்கின. 1983இல் கணக்குகளைத் துருவப் போன வங்கியின் கணக்காய்வு அதிகாரி அங்கேயே கொலையுண்டார். மூழ்கிய தொகை ஏறத்தாழ 250 கோடி வெள்ளி. அயல்நாட்டுத் துணிவணிகத்தின் இடருக்கு இதனினும் கடுமையான சான்று இந்நாட்டு வரலாற்றில் அன்றுவரை இல்லை. வங்கியைக் கரையேற்றியது யார்? 1984இல், அதாவது தோட்டத் தொழிலாளி மைக்காப் பங்கு வாங்க வரிசையில் நின்ற அதே ஆண்டில், பெட்ரோனாஸ் அவ்வங்கியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 1989இலும் மீண்டும் ஒருமுறை எண்ணெய்ப் பணமே அதனைத் தாங்கிப் பிடித்தது. 1974ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இந்நாட்டின் எண்ணெய் வளத்தைப் பெட்ரோனாசின் உரிமையாக்கியது. அந்நிறுவனமோ அரசின் உடைமை. அவ்வரசு குடிமக்கள் அனைவருக்கும் பொது. ஆகவே, தன்னையறியாமலே அந்தப் பால்மரத் தொழிலாளியும் ஹாங்காங் கடனை அடைத்தவர்களுள் ஒருவன்.

மறுபடி ஒருமுறை இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோடிகளை இழந்த வங்கிக்கு நாட்டின் கிணறுகளே காப்புறுதி. ஆயிரத்து அறுநூறு வெள்ளியை இழக்கவிருந்த தொழிலாளிக்கு எந்தக் கிணறும் இல்லை. இதனை இனப் பிரச்சினையாக மட்டும் காண்போர் பாதியைத்தான் காண்கின்றனர். வங்கிக்கு அதிகாரத்தின் உள்ளறையில் பேச ஆள் இருந்தது. மைக்காவின் சிறு பங்குதாரருக்கும் அவ்வறையில் ஆள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலைதான் அந்த ஆயிரத்து அறுநூறு.

மைக்காப் பங்கு பங்குச் சந்தையில் ஒரு நாளும் பட்டியலிடப்படவில்லை. இச்செய்தி வாணிக மாணவருக்கு எளிதிற் புரியும். தமிழ் மாணவருக்கு விளக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட பங்கைப் பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். விலை குறைந்தாலும் வாங்க ஒருவன் இருப்பான். பட்டியலிடப்படாத பங்கு வாசற்கதவே இல்லாத வீடு. மகள் திருமணத்துக்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ அதனை விற்க முடியாது. கோபத்தைக் காட்டவும் வழியில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைக் கண்காணிக்க 2000ஆம் ஆண்டில் சிறுபான்மைப் பங்குதாரர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பார்வை விழுந்த இடம் பங்குச் சந்தை. மைக்கா அதற்குப் புறத்தே கிடந்தது.

எஞ்சியது ஆண்டுப் பொதுக்கூட்டம். அது கெடாவில் நடப்பதன்று. லூனாசிலிருந்து கோலாலம்பூர் செல்ல ஒரு நாட்கூலியும், பேருந்துச் செலவும், தங்கும் செலவும் வேண்டும். சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: பதிலாள் படிவம். வர இயலாதவன் தன் வாக்கை வேறொருவனிடம் ஒப்படைக்கலாம். படிவத்தில் பெயரெழுதாமல் விட்டால் அவ்வாக்கு வழக்கமாகக் கூட்டத் தலைவரிடம் போய்ச் சேரும். யாரை எதிர்த்து வாக்களிக்க வேண்டுமோ அவர் கையிலேயே வாக்குச்சீட்டைக் கொடுத்துவிடும் விந்தை இது. பதிலாளின் பெயரை எழுத வேண்டிய அந்த வெற்றுக்கோடு எத்தகையது என்பதைத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற எந்த மாணவனும் கற்றதில்லை.

இப்படியாக ஆண்டுகள் உருண்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட, பத்திரங்கள் தகரப் பெட்டியோடு பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பத்திரத்திற் பெயர் இருந்தவர்கள் பலர் மாண்டனர். இறுதியில் 2010இல், தொழிலதிபர் ஒருவரின் குடும்பத்தைச் சார்ந்த ஜி டீம் நிறுவனம் மைக்காவை வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளி முகமதிப்புடைய பங்கொன்றுக்கு அது தந்த விலை 80 காசு. வாங்கியவரைக் குறைகூற ஒன்றுமில்லை. வேறெவரும் வாங்க முன்வராத பொருளுக்கு அவர் விலை கொடுத்தார். பங்குதாரர் பலர் அதனைப் பெற்றுக்கொண்டு பெருமூச்சு விட்டனர். பத்திரத்துக்குரியவர் இறந்துபோன குடும்பங்களோ அந்த எண்பது காசைப் பெறுவதற்கும் வாரிசுரிமை ஆவணங்களுக்காக அலுவலகப் படியேற வேண்டியிருந்தது.

எண்பது காசு என்பது இருபது காசு நட்டம் அன்று. இக்கணக்கை எந்த ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கலாம். ஊழியர் சேமநிதி 1983 முதல் 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடும், அடுத்த ஏழாண்டுகள் 8 விழுக்காடும் ஈவு தந்தது. பின்னர் ஈவு குறைந்தபோதும், 2009 வரை 4 விழுக்காட்டுக்குக் கீழே ஓராண்டும் இறங்கவில்லை. 1984 இறுதியில் அந்நிதியில் கிடந்த ஒரு வெள்ளி, எவரும் மேடையேறிப் பேசாமலே, எவரும் மாலை சூட்டாமலே, 2009 இறுதியில் ஏறத்தாழ 5 வெள்ளியாகியிருக்கும். மைக்கா இடையிடையே கொடுத்த சொற்ப ஈவுகளைக் கூட்டினாலும் அந்த ஐந்தின் அருகே வாராது. ஐந்துக்கும் எண்பது காசுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அரசியல் இடரின் விலை. பொருளியல் பேராசிரியர் எவரும் இதனைத் தம் நூலிற் சேர்த்ததாகத் தெரியவில்லை.

'முடிந்துபோன கதையை ஏன் கிளற வேண்டும்?' என்பது மூன்றாவது வாதம். இதுவே யாவற்றினும் பலவீனமானது. ஆயினும் இதுவே மிகுதியாகக் கேட்கப்படுவது. இராசேந்திர சோழன் 1025இல் கடாரம் கொண்டதை ஆண்டுதோறும் மேடைகளில் முழங்குவோர், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அவ்வெற்றியை முடிந்துபோன கதை என்று சொல்வதில்லை. அதே கடாரத்து மண்ணில் முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் நேர்ந்த இழப்பு மட்டும் கிளறத் தகாததாகிவிடுகிறது. கதை முடியவுமில்லை. தங்கத் திட்டம், அயல்நாட்டு நாணய வணிகம், எங்கோ ஒரு பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு என்று பெயர்கள்தாம் மாறி வருகின்றன. சுங்கைப் பட்டாணி உணவகங்களிலும் கைப்பேசித் திரைகளிலும் இன்று விற்கப்படுவது எதுவாயினும், விற்பவர் முதலில் காட்டுவது கணக்கை அன்று. எந்தத் தலைவர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் என்பதையே. அப்படத்தைப் பார்த்ததும் கணக்கைக் கேட்காமல் விட்டுவிடும் பழக்கம் 1984இல் தொடங்கியது. அது இன்னும் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை. தோட்டம்தான் போயிற்று.

பள்ளிகள் இதில் என் செய்யும் என்று கேட்பார் உண்டு. ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் வட்டியும் இலாப ஈவும் காப்புறுதியும் இன்று இடம்பெற்றுள்ளன. பாடநூற் கணக்குகளில் ஈவு எப்போதும் கிடைத்துவிடுகிறது. 'ஒருவர் இத்தனை வெள்ளி முதலிட்டார். ஈவு இத்தனை விழுக்காடு. அவர் பெற்ற தொகை யாது?' என்று கேட்கிறது நூல். ஈவு வழங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார், அவரை நீக்க எத்தனை வாக்குத் தேவை என்று எந்தக் கணக்கும் கேட்பதில்லை. திருக்குறளில் பொருள்செயல்வகையை மனனம் செய்யும் மாணவன், அதற்கு வெகு முன்னரே தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதை ஏன் என்று கேட்பதில்லை. சுங்கைப் பட்டாணியிலுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவரும் இளம் ஆசிரியருள் பலர் மைக்காப் பங்குதாரரின் பேரப்பிள்ளைகளாக இருக்கக்கூடும். பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பத்திரத்தின் நகலொன்று இன்னும் கிடக்குமானால், அதனை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். பங்கின் எண்ணிக்கை எங்கே எழுதப்பட்டுள்ளது, வாக்குரிமை எங்கே எழுதப்பட்டுள்ளது என்று மாணவரைத் தேடச் சொல்லலாம். வெற்றுப் பதிலாள் படிவமொன்றைப் படியெடுத்துக் கொடுத்து, அந்தக் கோட்டின்மீது எவருடைய பெயரை எழுதுவார்கள், ஏன் எழுதுவார்கள் என்று இரண்டு பத்தியில் எழுதச் சொல்லலாம். தேர்வுத்தாளில் இதற்குப் புள்ளி இல்லை என்று தலைமையாசிரியர் சிலர் கூறுவர். எண்பது காசுக்கு மட்டும் புள்ளி இருந்ததா?